பிளான்ட்சர்ச்: அரிய தாவரங்களைக் காப்போரை இணைக்கும் சேவை

ஓர் அரிய பூர்வீகத் தாவரத்தைப் பராமரிக்கும் எவருக்கும் முதலில் தெரிய வேண்டியது, அந்தச் செடி வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது என்பதுதான். அது தெரியாவிட்டால், பல பூங்காக்கள் ஒரே தாய்ச்செடியின் கன்றுகளையே ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால், ஒரே ஒரு பூங்காவில் எஞ்சியிருந்த செடி பூஞ்சை நோயில் பட்டுப்போன பிறகுதான் அதுவே கடைசி என்பது மற்றவர்களுக்குத் தெரியவரும். இந்த நிலையை மாற்றுவதற்காகத் தாவரவியல் பூங்காக்களின் பன்னாட்டு அமைப்பான பிஜிசிஐ நடத்திவரும் தரவுத்தளமே பிளான்ட்சர்ச். அரிய தாவரங்களின் சேகரிப்புப் பதிவேட்டைக் கவனிக்கும் பணியில் இருப்பதால் இந்தச் சேவையை நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். அதன் பலத்தையும், எந்த இடத்தில் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சேவை இயங்கும் விதம் எளிமையானது. பூங்காக்களும் விதை வங்கிகளும் தம்மிடமுள்ள இனங்களின் பட்டியலைப் பதிவேற்றுகின்றன. ஓர் இனத்தின் அறிவியல் பெயரைத் தேடினால், அது எத்தனை நிறுவனங்களில் உள்ளது என்ற எண்ணிக்கை கிடைக்கிறது. அந்த நிறுவனங்களின் பெயர்கள் மட்டும் பொதுப் பார்வைக்கு வருவதில்லை. ஒரு செடி தேவைப்படுவோர் சேவையின் வழியாகவே கோரிக்கை அனுப்ப வேண்டும். வைத்திருப்பவர் விரும்பினால் பதில் எழுதுவார். பொதுமக்கள் தேடுவதற்குக் கட்டணம் கிடையாது.

பெயரை மறைக்கும் இந்த ஏற்பாடு புதிதாக வருவோருக்கு எரிச்சலூட்டலாம். ஆனால் என் பார்வையில் இந்தச் சேவையின் மிகச் சிறந்த முடிவு இதுதான். அரிய தாவரங்களுக்குத் திருட்டுச் சந்தை உண்டு. 2014-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவிலிருந்தே இருபதுக்கும் மேற்பட்ட சைக்கட் செடிகள் (பனையைப் போலத் தோன்றும், ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியாக உள்ள தொன்மையான தாவர வகை) தோண்டி எடுத்துச் செல்லப்பட்டன. முகவரி வெளியாகாது என்ற உறுதி இருப்பதால்தான் பல பூங்காக்கள் தயங்காமல் தம் பட்டியலைத் தருகின்றன.

பதிவேற்றும்போது பெயர்கள் நடைமுறையிலுள்ள தாவரப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிடப்படுவதும் வரவேற்கத்தக்கது. ஓரெழுத்து பிசகினாலும், வழக்கொழிந்த பழைய பெயர் இருந்தாலும், அந்த வரி பொருந்தாததாகத் தனியே நிற்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பொறுமை வேண்டும். இருந்தாலும், ஒரு செடியின் பெயரட்டை பல ஆண்டுகளாகத் தவறாகவே இருந்திருக்கிறது என்பது பெரும்பாலும் இந்த வேலையின்போதுதான் வெளிப்படுகிறது.

இனி, எச்சரிக்கையோடு அணுக வேண்டிய பகுதிக்கு வருகிறேன். தேடலில் வரும் எண்ணிக்கையை ஓர் இனம் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்கான அளவுகோலாக எடுத்துக்கொள்ளவே கூடாது. என்செபலார்டோஸ் வூடி என்ற சைக்கட் இதற்குத் தெளிவான சான்று. 1895-இல் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் இதைக் கண்டார். அங்கே இருந்தது ஒரே ஓர் ஆண் செடிதான். இன்று உலகின் பல பூங்காக்களில் வளர்பவை அனைத்தும் அந்த ஒரு செடியின் பக்கக் கன்றுகளிலிருந்து பெருக்கப்பட்டவை. பெண் செடி இதுவரை கிடைக்கவில்லை. எத்தனை பூங்காக்களில் இருந்தாலும் மரபியல் நோக்கில் அது ஒரே செடி. தன் இனத்துக்குள் இயல்பாக விதை தர அதற்கு வழியே இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்த இனம் நன்றாகவே காக்கப்படுகிறது என்று எண்ணிவிடக்கூடும்.

ஆகவே, ஒரு பூங்காவிடம் செடி இருக்கிறது என்று அறிந்தவுடன் அதன் மூலத்தை, அதாவது அது எங்கிருந்து வந்தது என்பதை, கேட்டாக வேண்டும். பூங்காப் பதிவேடுகளில் இதற்கு நான்கு குறியீடுகள் வழக்கத்தில் உள்ளன. காட்டிலிருந்து நேரே எடுக்கப்பட்டதற்கு டபிள்யூ, அத்தகைய செடியிலிருந்து தோட்டத்தில் பெருக்கப்பட்டதற்கு இசட், காட்டு மூலம் இல்லாத தோட்டச் செடிக்கு ஜி, மூலம் உறுதிப்படாததற்கு யு. பதிவெண்ணுக்கு அருகே இருக்கும் இந்த ஓரெழுத்துதான் மீள்நடவுக்கு அந்தச் செடி உதவுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. எந்த மலைச்சரிவில், எந்த ஆண்டில், எத்தனை தாய்ச்செடிகளிலிருந்து விதை திரட்டப்பட்டது என்ற குறிப்பும் சேர்ந்திருந்தால் அதன் மதிப்பு பன்மடங்கு. பொதுத் தேடல் காட்டும் எண்ணிக்கையில் இவை எவையும் தெரிவதில்லை; கடிதப் போக்குவரத்தின் மூலமே அறிய முடியும். நான் அனுப்பும் கோரிக்கைகளில் "செடி தர இயலுமா" என்பதற்கு முன்பாக "அதன் மூலப் பதிவைப் பகிர இயலுமா" என்றே கேட்கிறேன். இப்படிக் கேட்கும்போது வரும் பதில்கள் விரிவாக இருக்கின்றன. எதிரில் இருப்பவரும் பதிவேட்டோடு உழல்பவர்தானே.

ஓக் மரங்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2020-இல் வெளியான ஓக் மரங்களின் சிவப்புப் பட்டியல் (இனங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பட்டியல்), சுமார் 430 இனங்களில் ஏறத்தாழ 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தது. ஓக் விதையை உலர்த்தினால் அது உயிரிழந்துவிடும். பல தாவரங்களின் விதைகளைப் போல ஈரம் நீக்கி, மைனஸ் 20 டிகிரி குளிரில் விதை வங்கியில் வைக்க இயலாது. எனவே உயிருள்ள மரங்களாகவே பல பூங்காக்களில் பிரித்து வளர்த்தாக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பூங்காவில் அடுத்தடுத்து நிற்கும் வெவ்வேறு ஓக் இனங்கள் எளிதில் கலந்துவிடுவதால், அங்கே விழும் விதை தூய இனமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு மரம் எத்தனை பூங்காக்களில் உள்ளது என்று பிளான்ட்சர்ச் காட்டி, கோரிக்கை வழியாகத் தொடர்பு ஏற்பட்ட பிறகு, கிளைத்துண்டு ஒட்டுக்கட்டுவதா, கையால் மகரந்தச் சேர்க்கை செய்வதா என்பதைச் சம்பந்தப்பட்ட பூங்காக்கள் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படிப் பேசி முடிவெடுத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வொல்லெமி பைன் நல்ல எடுத்துக்காட்டு. 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட இந்த மரத்தில் முதிர்ந்தவை காட்டில் நூறுக்கும் குறைவாகவே உள்ளன. மரபணு ஆய்வின் அடிப்படையில் தேர்ந்தெடுத்த கன்றுகளைப் பல நாட்டுப் பூங்காக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பணி 2023-இல் தொடங்கியது. பிஜிசிஐயும் இதில் பங்கேற்றது. வெவ்வேறு வழித்தோன்றல்களை வெவ்வேறு இடங்களில் வைத்து, அனைத்தையும் ஒரே சேகரிப்பாகக் கருதும் இந்த முறையைத்தான் பிளான்ட்சர்ச் தரவும் காலப்போக்கில் எல்லா அரிய இனங்களுக்கும் சாத்தியமாக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

தரவின் பரப்பிலும் குறை உள்ளது. 2017-இல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வெளியான ஆய்வு, இந்தத் தரவைக் கொண்டுதான் தாவர இனங்களில் குறைந்தது 30 விழுக்காடும், ஆபத்திலுள்ளவையாக அறியப்பட்டவற்றில் 41 விழுக்காடும் தாவரவியல் பூங்காக்களில் இருப்பதாகக் கணக்கிட்டது. அப்படி ஒரு கணக்கு சாத்தியமானதே இச்சேவைக்குப் பெருமை. ஆனால் அந்த இனங்களில் 93 விழுக்காடு வட அரைக்கோளப் பூங்காக்களில் இருப்பதாகவும், சேகரிப்பில் இல்லாத இனங்களில் பெரும்பகுதி வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை என்றும் அதே ஆய்வு கூறியது. வெப்பமண்டலத் தாவரம் ஒன்றைத் தேடி "பதிவு இல்லை" என்ற விடை கிடைத்தால், செடி யாரிடமும் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. வைத்திருக்கும் சிறு பூங்கா பட்டியல் தராமல் இருக்கலாம். பட்டியலைப் புதுப்பிப்பதும் அந்தந்தப் பூங்காவின் கையில் இருப்பதால், எப்போதோ பட்டுப்போன செடியும் கணக்கில் நீடிக்க வாய்ப்புண்டு.

செடி கைமாறுவதற்கான அனுமதிகளை இச்சேவை பெற்றுத் தராது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, மரபு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் நெறிப்படுத்தும் நகோயா நெறிமுறை, செடியில் நோயோ பூச்சியோ இல்லை என்பதற்கான தாவர நலச் சான்றிதழ் ஆகியவற்றை அனுப்புபவரும் பெறுபவரும்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சிறிய சேகரிப்பை வைத்திருப்போர் தயங்காமல் இதில் இணைய வேண்டும் என்றே பரிந்துரைக்கிறேன். பத்து இனங்கள் மட்டுமே இருந்தாலும், அவற்றில் ஒன்று காட்டு மூலம் தெரிந்த அரிய செடியாக இருக்குமானால், அதே செடியின் வேறொரு வழித்தோன்றலை வைத்துக்கொண்டு துணை தேடும் பூங்காவுக்கு அந்த ஒரு வரி போதும். பதிவேற்றும் முன் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு செடியும் உயிரோடு இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். பட்டுப்போனவற்றை நீக்கிவிட்டு, மூலக் குறியீட்டையும் உங்கள் பதிவேட்டில் நிரப்பி வையுங்கள். கோரிக்கை வரும் நாளில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.