நெல்லின் ஈரப்பதமும் 'நல்' பெறுமானமும்: எந்த வழி நிற்கும்?

சம்மாந்துறைப் பக்கத்து நெல் களஞ்சியம் ஒன்றுக்குச் செய்யும் பதிவுத் திரையை எடுத்துக்கொள்வோம். லோட் இறங்கிவிட்டது, மூடை எண்ணியாயிற்று, ஈரப்பதம் இன்னும் பார்க்கவில்லை. தரவுத்தளத்தில் அந்த நிரல் 'நல்' (null), அதாவது பெறுமானமே இல்லை. சீ ஷார்ப் (C#) மொழியில் அதை டெசிமல் என்னும் தசம எண் வகையோடு பிணைக்க மூன்று வழி உண்டு: 0 போட்டு நிரப்புவது, டைப்ட் டேட்டாசெட், நலபிள் வகை. நான் தெரிவுசெய்தது நலபிள் வகை, அதாவது டெசிமலுக்குப் பின்னால் கேள்விக்குறி (decimal?); அது 'நல்'லையும் ஏற்கும்.

0 போட்டு நிரப்புவது லேசு. திரை உடையாது, கணக்கு உடையும். ஈரப்பதம் 13, 14, அளக்காத ஒன்று என மூன்று லோட் இருந்தால், தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் சராசரி 'நல்'லை விட்டுவிட்டு 13.5 தரும். 0 இட்டிருந்தால் 9.

டைப்ட் டேட்டாசெட்டில், அதாவது தரவுத்தள அட்டவணைக்கு ஏற்ப டிசைனர் உருவாக்கித் தரும் வகுப்புகளில், 'நல்' உள்ள நிரையின் பண்பை நேரே வாசித்தால் எக்செப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) எறியும். அதற்கென்றே, 'நல்'லா என்று முதலில் கேட்க, 'இஸ்நல்' மெதட்கள் தானாக உருவாகின்றன. ஆனால் ஓரிடத்தில் கேட்க மறந்தாலும் கொம்பைலர் பிடிக்காது, 'நல்' வரும் அன்றுதான் விழும். டிசைனரில் மாற்றுப் பெறுமானம் கொடுப்பது ஸ்ட்ரிங்குக்குச் சரிவரும். எண்ணுக்கும் திகதிக்கும் விடாது.

நலபிள் வகையில் கேள்விக்குறி உள்ளதைச் சாதாரண டெசிமலுக்குள் போட கொம்பைலரே மறுக்கும். எனக்கு இதுவே தீர்மானமான காரணம்: மறதி ஓடும்போது அல்ல, எழுதும்போதே தெரிந்துவிடும்.

ஆனாலும் ஒரு பொறி உண்டு. 'நல்'லை 14உடன் ஒப்பிட்டால் பெரிதா என்றாலும் சிறிதா என்றாலும் விடை பொய்தான். "14ஐ விடக் கூடினால் மறு, இல்லையேல் ஏற்றுக்கொள்" என்று எழுதினால் அளக்காத நெல் ஏற்கப்பட்டுவிடும். பெறுமானம் உண்டா என்று சொல்லும் 'ஹேஸ்வெல்யூ'வை முதலில் பாருங்கள்.

பிணைப்பிலும் இரு பக்கம், திரையும் தரவுத்தளமும், கவனிக்கவேண்டும். விண்டோஸ் திரைகள் செய்யும் வின்ஃபோம்ஸில் ஃபோர்மட்டிங்கை இயக்கி, பெட்டியைத் தரவோடு இணைக்கும் பைண்டிங்கின் 'நல்வெல்யூ'வுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுக்காவிட்டால், பெட்டியை அழித்தவர் அதைவிட்டு வெளியேற முடியாமல் நிற்பார். விண்டோஸ் திரைக்கான மற்றொரு கருவியான டபிள்யூபிஎஃப்பில் அதே வேலையை 'டார்கெட்நல்வெல்யூ' செய்யும். தரவுத்தளத்தோடு பேசும் ஏடிஓ டொட் நெற்றில் (ADO.NET) நேரே எழுதினால் பராமீட்டருக்கு வெறும் 'நல்' கொடுக்காதீர்கள், பராமீட்டரே வரவில்லை என்று சேவர் திருப்பும். தரவுத்தள 'நல்'லைக் குறிக்கும் 'டிபிநல்' (DBNull.Value) கொடுக்கவேண்டும்.

டைப்ட் டேட்டாசெட்டில் ஏற்கெனவே நன்றாக ஓடும் பழைய சொஃப்ட்வெயாரை இதற்காக மட்டும் மாற்றச் சொல்லி அடித்துச் சொல்லமாட்டேன். புதிதாகத் தொடங்குவோர் கேள்விக்குறியோடு தொடங்கட்டும்.