கடைசிப் பக்கத்தில் இருந்த பெயர்

2024 டிசம்பரில் மூன்று வார விடுப்பில் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். வழக்கமாக ஊருக்குப் போனால் நெல்லையப்பர் கோயில், அத்தை வீடு, யாராவது ஒருவர் கல்யாணம் என்று நாள் ஓடிவிடும். இந்த முறை கையில் ஒரு கோப்புடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கத்தான் போனேன். விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனால் பாஸ்போர்ட், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் என் பெயரோடு முன்னாள் கணவரின் பெயரும் சேர்ந்தே இருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இதே வேலைக்காக லீவு போட்டு ஊருக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நாலு பேருக்காவது அலைச்சல் குறையட்டும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் பெர்லினில் புரோகிராமர். பணம் செலுத்தும் சேவை ஒன்றின் பின்னணியில் ஓடும் நிரல்கள்தான் என் வேலை. 2015-இல் கல்யாணம், 2021-இல் பிரிந்தோம். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்தே மனுப் போட்டோம். அந்தப் பிரிவில் மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி போய் நிற்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, காத்திருந்தோம். 2023 ஜூனில் தீர்ப்பு வந்தது.

தீர்ப்புக்கு முன்பே ஒரு காகிதம் எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் கணவனும் மனைவியும் பிரிந்தால் மறு ஆண்டிலிருந்து வரி வகுப்பு மாறும். 2022 ஜனவரி ஊதியச் சீட்டில் என் வகுப்பு ‘ஒன்று’ என்று வந்தது. தனி ஆள் என்று அர்த்தம். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் வேலையும் சரியாகப் போகவில்லை. நான் ஏற்றிய ஒரு மாற்றத்தால் எங்கள் சேவை நாற்பது நிமிடம் நின்றுபோனது. காலியாக இருந்த வரிசைகளைக் கணக்கில் எடுக்காமல் தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையைக் கட்டாயம் நிரப்ப வேண்டியது என்று ஆக்கியிருந்தேன். படிக்கிற பிள்ளை செய்கிற தவறு. வீட்டில் என்ன நடக்கிறது என்று அணித்தலைவரிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை யாராவது அந்த நிரலைக் கூடக் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருப்பார்கள். சொல்லவில்லை. அந்தக் கோடையில் எங்கள் அணியைக் குறைத்தபோது என் பெயர் பட்டியலில் இருக்கும் என்றே நினைத்தேன். இருக்கவில்லை.

நல்லதும் நடந்தது. புளூ கார்டில், அதாவது படித்த வேலைக்காரர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் குடியிருப்பு அனுமதியில், இருப்பவர்கள் ஜெர்மன் மொழியில் பி1 என்னும் நடுத்தர நிலைப் பரீட்சையில் தேறினால் 21 மாத வேலைக்குப் பிறகு நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். எத்தனையோ வருடமாகத் தள்ளிப் போட்ட அந்தப் பரீட்சையைப் பிரிந்த பிறகுதான் எழுதினேன். 2024 வசந்தத்தில் அட்டை கைக்கு வந்தது. வீட்டு ஒப்பந்தமும் என் பெயரில் மட்டும் ஆனது. அங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஊரில்தான் பாக்கி.

சரி, ஊருக்கு வருகிறேன்.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல்தான் பலர் இரண்டு தடவை அலைகிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு முகவரிச் சான்று வேண்டும். என் ஆதாரில் கல்யாணமான புதிதில் இருந்த சென்னை முகவரியும், அதற்கு மேலே அவர் பெயரும் இருந்தன. ஆகவே ஆதார் முதலில், பாஸ்போர்ட் அடுத்து, வங்கி கடைசியில். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்ப்பின் சான்றிட்ட நகல். வக்கீல் கொடுத்த ஜெராக்ஸ் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். விமானத்துக்கு டிக்கெட் போடும்போதே வக்கீலிடம் நகல் மனுப் போடச் சொல்லிவிடுங்கள். நான் அக்டோபரிலேயே சொல்லிவிட்டேன். அப்படியும் கையில் வந்த நகலின் கடைசிப் பக்கத்தில் முத்திரை விட்டுப்போயிருந்தது. அதற்காக ஒரு நாள் காலையும் மறுநாள் மதியமும் நீதிமன்ற நகல் பிரிவின் வாசலில் நின்றேன். முத்திரை வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கல்யாணப் பதிவுச் சான்று என்னிடம் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கீழ் அலமாரியில் இருந்த காகிதம் எல்லாம் கூழாகிவிட்டது. அப்பாவின் பென்ஷன் ஆணை, என் கல்யாண ஆல்பம், எல்லாம் போயிற்று. அப்பாவின் கையெழுத்து இருந்த காகிதங்கள் போனதைத்தான் அம்மா இன்னமும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறாள். நல்லவேளை, இந்த வேலைகளில் எங்கேயும் அந்தச் சான்றைக் கேட்கவில்லை.

என் பழைய இந்திய எண்ணும் போய்விட்டிருந்தது. பிரீபெய்டு எண்ணைத் தொண்ணூறு நாள் தொடாமல், இருபது ரூபாய்கூட இருப்பு இல்லாமல் விட்டால் அது கைவிட்டுப் போகும். ரீசார்ஜ் செய்யத் தம்பி மறந்துவிட்டான். ஆதாரோ அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். அதனால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடிக்கலாம் என்ற திட்டம் முதல் நாளே போயிற்று. புது சிம் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கும் ஆதார் கவுன்டருக்குப் போனோம்.

போனோம் என்று சொல்லக் காரணம் உண்டு. சொந்த முகவரிச் சான்று இல்லாதவர்கள் குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து முகவரியை மாற்றலாம் என்ற வசதி 2023 முதல் இருக்கிறது. தலைவர் நேரில் வந்து கைரேகை வைத்து ஒப்புக்கொள்ள வேண்டும், இருவருக்கும் என்ன உறவு என்பதற்கு ஓர் ஆவணம் காட்ட வேண்டும். என் பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் இருக்கிறது, அதுவே போதும். அப்பா போய் ஆறு வருடம். ‘குடும்பத் தலைவர்’ என்று எழுதியிருந்த இடத்தில் அம்மா பெயரை எழுதினேன்.

அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. “தம்பி பேரப் போட வேண்டியதுதானட்டி, நா எதுக்கு?” என்றாள். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். “நீங்கதாம்மா தலைவர், விரல வைங்க” என்றாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் ரேகை அழிந்திருந்தது, இயந்திரம் மூன்று தடவை ஏற்கவில்லை. அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல் ஈரத்துணியால் அம்மாவின் விரலைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, மோதிர விரலில் ஏற்க வைத்தாள். கட்டணம் அப்போது 50 ரூபாய், 2025 அக்டோபரிலிருந்து 75. ஐந்தாம் நாள் புது ஆதாரைத் தரவிறக்கிக்கொண்டேன். மீனாட்சிபுரம் முகவரி, மேலே அம்மாவின் பெயர்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. 12, 13 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைதொட்டு ஓடியது. போன வருடத்து நினைவில் தெருவே பெட்டி படுக்கையை மாடிக்கு ஏற்றியது. அன்று இரவு ஏழரை மணிக்கு, அங்கே பிற்பகல் மூன்று, பெர்லினிலிருந்து அழைப்பு. பணம் திருப்பி அனுப்பும் பகுதி நின்றுவிட்டது, அது நான் எழுதியது. எங்கள் நிறுவனம் ஐரோப்பாவுக்கு வெளியே மடிக்கணினியைக் கொண்டுபோக விடாது, வாடிக்கையாளர் தரவு சம்பந்தப்பட்ட விதி. ஆகவே மாடிப்படியில் உட்கார்ந்து, கையில் டார்ச்சுடன், நினைவிலிருந்தே சொன்னேன். எந்தக் கோப்பு, எந்தச் சார்பு, எந்த இடத்தில் காலி மதிப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று. இருபது நிமிடத்தில் சரியானது. 2022-இல் என் தவறுக்காக இரவெல்லாம் விழித்திருந்த அதே சக ஊழியர்தான் மறுமுனையில். “விடுமுறையைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்” என்றார். விடுமுறையில் எதற்காக வந்திருக்கிறேன் என்று அன்றுதான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் 16-ஆம் தேதி நேரம் கிடைத்தது. திருநெல்வேலியிலேயே இருக்கிறது, மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருவது. விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். மணநிலை என்ற இடத்தில் ‘விவாகரத்தானவர்’ என்று தனியாக ஒரு தெரிவு உண்டு. துணையின் பெயரை எழுதச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. விவாகரத்தானவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் துணையின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரில் விதியை மாற்றியது. இந்த மாற்றத்தின் அருமை படிவம் செய்கிறவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். ஒரு கட்டத்தைக் கட்டாயம் என்று வைப்பதா வேண்டாமா என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் ஆயிரம் மைல் தள்ளி ஒரு பெண்ணின் தொண்டையை அடைக்கலாம், அல்லது அவளைப் பேசாமல் கடந்துபோக விடலாம்.

ஆனால் ஏற்கெனவே அச்சான பெயரை எடுப்பதற்குத் தீர்ப்பின் நகலைக் கையோடு வைத்திருப்பது நல்லது. ஏ கவுன்டரில் போட்டோ, கைரேகை, ஆவண ஸ்கேன். பி கவுன்டரில் சரிபார்ப்பு. அங்கே இருந்த அதிகாரி தீர்ப்பின் எல்லாப் பக்கத்தையும் படித்தார். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்தி, “பெயரை எடுக்கணும், அவ்வளவுதானேம்மா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சி கவுன்டரில் ஒப்புதல். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து முகவரியைப் பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். பணம் எதுவும் கேட்கவில்லை.

வங்கிதான் என்னை அழவைத்தது. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. 2015-இல் இருவர் பெயரிலும் திறந்த கணக்கு அது. அதை மூட இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அது நியாயம்தான். அவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பியிருந்தார். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். தீர்ப்பைக் காட்டினேன். கவுன்டரில் இருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி, “வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க மேடம், அப்பதான் நடக்கும்” என்றார். எனக்கு வீட்டுக்காரர் இல்லை என்று நானும் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. டோக்கனோடு உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் அப்பாவோடு வேலை பார்த்தவர்.

இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அப்புறம் அந்தக் கிளைக்கே எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம், கட்டணம் கிடையாது. நான் அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. பெர்லினுக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் வங்கி மேலாளரே அழைத்து, என் முன்னாள் கணவரை வீடியோவில் சரிபார்த்துக் கணக்கை மூடித் தந்தார். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இன்னொரு வங்கியில் என் பெயரில் மட்டும் ஓர் என்ஆர்ஓ கணக்கு திறந்தேன். வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் ஊர்க் கணக்கை இந்த வகைக்கு மாற்றத்தான் வேண்டும், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நியமனதாரராக (நாமினி) அம்மாவை எழுதினேன். 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து நான்கு பேர் வரை எழுதலாம் என்று ஆகியிருக்கிறது. அடுத்த முறை போகும்போது தம்பி மகளையும் சேர்க்க வேண்டும்.

26-ஆம் தேதி காலை தபால்காரர் வந்தார். பாஸ்போர்ட்டை விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுப்பார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன், அவர் திண்ணையில் காத்திருந்தார். ஈரத்தலையோடு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையைப் பிரித்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குக் கீழே துணையின் பெயர் வரும் வரியில் ஒன்றுமில்லை.

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “அப்பா பேர்ல எழுத்து எல்லாம் சரியா இருக்காட்டி?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். மாடிக்குக் கொண்டுபோய், மேல் அலமாரியில் வைத்தாள்.