ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி: மார்பகக் குறைப்பு அறுவைக்கு எவ்வளவு தேறும்?

இந்த மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் இரண்டு வாசகங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குச் செலவு உண்டு என்கிறது பலன்கள் பகுதி. விலக்குகளில் 08-ஆம் எண்ணோ, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு விதிவிலக்கு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் உண்டு, ஆனால் மருத்துவர் அதற்குச் சான்று தர வேண்டும். "உடனடி" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் மறுக்கிறார்கள். மார்பகத்தின் எடையால் வரும் கழுத்துவலி இன்றைக்கே ஆளைக் கொல்லாது அல்லவா!

2020 ஏப்ரல் முதல் பொது, மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் இதே வாசகத்தோடு விற்கும் பாலிசி இது. கம்பெனி மாறினால் பிரீமியம் மாறும், விலக்கு மாறாது.

பிரெஸ்ட் லிஃப்ட்டுக்கு இதை நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் தோலைக் குறைத்து மேலே இழுத்துத் தைக்கிறார்கள், எடை இறங்குவதில்லை. வலி என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகும். புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்தவர்கள் மட்டும் வேறு கணக்கு. மறுபக்கத்தை அளவுக்குக் கொண்டுவர லிஃப்ட் தேவைப்பட்டால், இரு பக்கத்தையும் ஒரே சீரமைப்புத் திட்டமாக எழுதி முன் அனுமதி கேளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தனியாகக் கேட்டால் அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவது அவர்களுக்கு எளிது.

குறைப்பு அறுவைக்கு வாய்ப்பு இருக்கிறது, காகிதம் பேசினால். முன் அனுமதிப் படிவத்தில் நோயின் பெயர் மார்பக மிகைவளர்ச்சி, நோய்களுக்கான உலகப் பொதுப் பட்டியலான ஐசிடி-10-இல் அதன் குறியீடு என்62 என்று இருக்க வேண்டும். "கழுத்து எலும்புத் தேய்மானம்" என்று மட்டும் எழுதினால் சிக்கல்: தண்டுவட நோய்கள் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கின்றன, தேய்மானத்துக்கு ஏன் மார்பகத்தில் அறுவை என்ற கேள்வியும் வரும். உடல் பருமனை முதல் நோயாக எழுதினால் விலக்கு 06-ஐக் காட்டுவார்கள். பருமன் இருந்தால் மறைக்கக் கூடாது. ஆனால் அறுவை எதற்காக என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

அறிகுறிகளுக்கு ஓபி சீட்டுகள்தான் சாட்சி. பிரா பட்டை தோளில் பதித்த பள்ளம், மார்பகத்தின் அடிமடிப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைப் புண், விரல் மரமரப்பு, பிசியோதெரபி பார்த்தும் தீராத வலி எல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். ஜூன், ஜூலை மழையில் துணி காயாமல் ஈரத்தோடு போட்டு, மேலே ஸ்வெட்டரும் மாட்டும் நீலகிரியில் அந்தப் புண்ணுக்குக் குறைவில்லை. சிக்கல் என்னவென்றால், பலரும் மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கித் தடவிவிட்டுச் சீட்டே இல்லாமல் நிற்கிறார்கள். குன்னூர் லாலி அரசு மருத்துவமனைச் சீட்டும் செல்லும்; மடித்துக் கிழித்துவிடாதீர்கள். கொழுந்து பறிப்பவர்களிடம் "தோள்வலி மூட்டை சுமந்ததால்தானே" என்ற கேள்வி வரும். அதற்கு மருத்துவர் முன்கூட்டியே ஒரு வரி பதில் எழுதியிருந்தால் நல்லது.

எத்தனை கிராம் எடுக்க வேண்டும் என்று இந்தப் பாலிசியில் வரம்பு இல்லை. அமெரிக்காவில் ஷ்னூர் அட்டவணையை வைத்து, உடல் மேற்பரப்பு 1.70 சதுர மீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு 370 கிராம் என்பதுபோல் கணக்குப் பார்ப்பார்கள். இங்கே கட்டாயம் இல்லாவிட்டாலும், எடுக்கப்போகும் எடையைச் சர்ஜன் எழுதித் தந்தால் வாதம் கெட்டியாகும். அறுவைக்குப் பின் பக்கவாரியான எடையும் பயாப்சி அறிக்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேரட்டும்.

பணத்தில் கடிப்பது அறை வாடகைதான். காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். 2 லட்சம் பாலிசிக்கு 4,000 வரும். 5,000 ரூபாய் அறையில் 2 நாள் படுத்தால் வாடகையோடு நிற்காது. மருந்து, பரிசோதனை போன்ற சில தவிர மற்றவை 80 சதவீதமாகச் சுருங்கும். வாடகை 10,000, மருந்தும் பரிசோதனையும் சேர்த்து 20,000, மற்றவை 1,20,000 என்று 1,50,000 பில் வந்தால் ஏற்பது 1,24,000. அதிலும் நம் பங்காகக் கழிக்கும் 5 சதவீதக் கோ-பே போய் 1,17,800 கைக்கு வரும். ஆயிரம் ரூபாய் கூடுதல் அறைக்கு இவ்வளவு இழப்பு வீண். பொது வார்டு கேளுங்கள், அல்லது 2.5 லட்சத்துக்கு எடுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான மருத்துவச் செலவு உண்டு. ஆனால் கட்டுப் பிரிக்க, தையல் பார்க்க ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கி ஏறும் வண்டிக் கூலியும் லாட்ஜ் வாடகையும் அவரவர் பை. ஆம்புலன்ஸுக்கு ஒருமுறை அனுமதிக்கு 2,000 மட்டுமே.

பாலிசி எடுக்கும்முன்பே இருந்த தொந்தரவு என்றால் 36 மாதம் வரை காத்திருக்க நேரிடும். மறைப்பது இன்னும் மோசம். இருளர், குறும்பர், பணியர் மக்களிடம் பரம்பரை ரத்தநோயான அரிவாள் செல் பாதிப்பு உண்டு. மயக்க மருந்துக்கு முன் அந்தச் சோதனை அவசியம், ஏற்கெனவே தெரிந்திருந்தால் விண்ணப்பத்திலும் சொல்லிவிட வேண்டும்.

திட்டமிட்ட அறுவை என்பதால் 48 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். முன் அனுமதிக்கு 1 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்பது 2024 விதி. முன் அனுமதி இல்லாமல் படுத்துவிட்டுப் பிறகு பில் நீட்டுவது இந்த அறுவைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

மறுத்தால் எந்த விலக்கின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், மறுப்புக் கடிதத்திலிருந்து 1 வருடத்துக்குள் போக வேண்டும். மனுவில் பலன்கள் பகுதியின் அந்தப் பிளாஸ்டிக் சர்ஜரி வாசகத்தை முதலில் எழுதி, மருத்துவர் சான்றை அடுத்து வையுங்கள். கம்பெனி 08-ஐ மட்டும்தான் காட்டும்.