சர்வரில் இரண்டு ‘பொன்மொழிகள்’

எங்கள் பக்க வடிவமைப்பு அலுவலகத்தின் கோப்புகளெல்லாம் 2018 முதல் ஒரே சர்வர் பெட்டியில் இருக்கின்றன. இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி, அதில் கோப்பு முறைமை இசட்எஃப்எஸ், ஆறு 4 டிபி டிஸ்க். டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்திருக்கும் முறை ரெய்டு-இசட்2 என்பதால் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தப்பிவிடும். இதுவரை ஒரு கோப்பும் கெட்டதில்லை. படுத்தியெடுத்தவை அதைச் சுற்றி நான் மாட்டியவைதான்.

முதலில், டிஸ்க்குகளைத் தானே ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு கார்டு. பழைய சர்வரில் கழற்றியதை வீணாக்க மனமில்லை. இசட்எஃப்எஸ்ஸுக்கு டிஸ்க் நேராகத் தெரிய வேண்டும். இந்தக் கார்டோ இடையில் நின்று எல்லாவற்றையும் மறைத்தது, டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் ஸ்மார்ட் அளவீடுகளைக்கூடப் பார்க்க விடவில்லை. பிறகு எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு ஒன்றைப் பழையதாக வாங்கி டிஸ்க்குகளை மறைக்காமல் அப்படியே காட்டும் ஐடி மோட் ஃபர்ம்வேர் ஏற்றினேன். அதன்பின் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு டிஸ்க் செத்தது. அவசரத்துக்குக் கிடைத்ததை வாங்கிப் போட்டேன். ரீசில்வர், அதாவது புது டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது, அரை நாளில் முடிய வேண்டியது; ஐந்தாம் நாளும் ஓடியது. ஓடு வேய்வதுபோல் தடத்தின் மேல் தடம் ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை அது, இடைவிடாமல் எழுதச் சொன்னால் திணறும். அட்டைப்பெட்டியில் ஒரு சொல் இல்லை. இப்போது மாடல் எண்ணைத் தேடிப் பார்க்காமல் டிஸ்க் வாங்குவதில்லை.

கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ்ஸில் அனுமதிச் சிக்கல் எல்லோருக்கும் வருவதுதான். சர்வருக்குப் பயனரின் பெயர் போகாது, எண்தான் போகும். முதல் பயனருக்கு மேக்கில் 501, உபுண்டுவில் 1000, ஃப்ரீபிஎஸ்டியில் 1001. எல்லாக் கணினியிலும் ஆளுக்கு ஓர் எண்ணை ஒரேமாதிரி வைத்ததும் தீர்ந்தது.

தமிழ்க் கோப்புப் பெயர்தான் என்னை உண்மையில் தலைகுனிய வைத்தது. ஒரே ஃபோல்டரில் ‘பொன்மொழிகள்’ என்று இரண்டு கோப்புகள், எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்று திருத்தியது, மற்றது திருத்தாதது. அச்சுக்குப் போனது திருத்தாதது. பதினாறு பக்கங்களை மறுபடி அடித்தோம். வடிவமைப்பாளரைக் கடிந்துகொண்டேன், பாவம்.

அன்று இரவு பெயர்களை, எழுத்துக்குப் பின்னுள்ள குறியெண்களைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்தபோதுதான் விளங்கியது. யூனிகோடில் ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் எழுதலாம். உபுண்டுவில் தட்டச்சியது ஒற்றைக் குறி. பழைய மேக்கின் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து என்எஃப்எஸ் வழியாக வந்தது இரட்டைக் குறி. கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. ஆங்கிலப் பெயர் மட்டும் வைப்பவர்களுக்கு இந்த அனுபவம் வாய்க்காது.

இசட்எஃப்எஸ்ஸில் இதற்கு மருந்து உண்டு: நார்மலைசேஷன் என்ற பண்பு. அதை வைத்தால் இரண்டையும் ஒரே பெயராக ஒப்பிடும். ஆனால் கோப்புகள் இருக்கும் தனிப் பிரிவான டேட்டாசெட்டை உருவாக்கும்போதே கொடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. 2018-இல் அந்த வரியைப் படித்துவிட்டு நமக்கெதற்கு என்று கடந்துபோனவன் நான்தான்.

ஆகவே புது டேட்டாசெட். அப்படியே நகலெடுத்தால் இரட்டையரில் ஒன்று மற்றதை விழுங்கிவிடும் என்பதால் முதலில் சிறு ஸ்கிரிப்ட் எழுதி ஜோடிகளைப் பிடித்தேன். நாற்பதுக்கு மேல் தேறின. எது சரியான பிரதி என்று வடிவமைப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பழைய டேட்டாசெட்டை இன்னும் அழிக்கவில்லை. படிக்க மட்டும் அனுமதியோடு ஒரு மூலையில் கிடக்கிறது. இடம் போதாதபோது பார்த்துக்கொள்ளலாம்.