மூன்று வருஷம், இரண்டு ரவுட்டர், ஒரு பழைய பிரின்டர்

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி மாட்டிவிட்டுப் போன ரவுட்டர். ஒரு வருஷம் அதன் பக்கமே நான் போகவில்லை. பணம் கட்டுவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு. ஹாலில் போனில் பார்த்தால் 22-ஐத் தாண்டாது. வைஃபை விவரத்தில் லிங்க் ஸ்பீட் என்று ஒன்று காட்டுமே, ரவுட்டரை ஒட்டி நின்றாலும் அது 54-தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசரில் 192.168.1.1 போட்டு ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போனேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வயர்லெஸ் மோட் ‘பி/ஜி/என் மிக்ஸட்’ என்றிருந்தது. மூன்றும் வைஃபையின் தலைமுறைகள். பி 1999-ல் வந்தது, உச்சமே 11 எம்பிபிஎஸ். ஜி 2003, ‘என்’ 2009. இந்தக் காலத்தில் பி யாருக்கு என்று ‘என் ஒன்லி’ கொடுத்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள், ஓகே. 22 இருந்த இடத்தில் 48! வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா கூப்பிட்டார். “டேய், பிரின்டர்ல நீல லைட்டு நிக்காம மின்னுது. என்னடா பண்ணி வச்ச?”

அந்தப் பிரின்டரில் பாஸ்வேர்டு போடுவது ஒரு தண்டனை. இரண்டு வரித் திரையில் அம்புக்குறி பட்டனை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். மூன்றாவது தடவைதான் உறைத்தது, அதற்கு ஜி வரைக்கும்தான் தெரியும்.

வேகம் போனால் போகட்டும் என்று மிக்ஸடுக்கே திரும்பினேன். பிரின்டர் ஒட்டிக்கொண்டது. வேகமோ, அதே 48!

மாற்றுவதற்கு முன் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டைத் தேடிப் பார்த்தேன். செக்யூரிட்டியில் அன்று டிகேஐபி என்ற பழைய பூட்டுமுறை, இப்போது ஏஇஎஸ் என்ற புதியது. நான் படிக்காத எச்சரிக்கை இதைத்தான் சொல்லியிருக்கிறது. டிகேஐபி வைத்தால் ‘என்’ தலைமுறையின் வேகம் கிடைக்காது, ஜியின் 54-க்கு இறங்கிவிடும். ‘என் ஒன்லி’ கொடுத்ததும் ரவுட்டரே ஏஇஎஸ்ஸுக்கு மாறியிருக்கிறது. நான் பீற்றிக்கொண்ட பெருமையில் மோடுக்குப் பங்கே இல்லை.

அப்புறம் ‘ஜி/என்’ என்று வைத்தேன். பி சாதனம் ஒன்று இருந்தால், மற்றவை பேசுவதற்கு முன் அதற்குப் புரியும் மெதுவான பாஷையில் ‘நான் பேசப்போகிறேன்’ என்று அறிவிக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் பி எதுவும் இல்லாததால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேனல் அகலத்தையும் ஒருமுறை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 ஆக்கிப் பார்த்தேன். எங்கள் அபார்ட்மென்டில் தேடினால் 17 வைஃபை பெயர் வரும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றே சேனல். அதில் நான் இரட்டை இடம் கேட்டால்? ராத்திரி எட்டு மணிக்கு மேல் அக்காவின் வீடியோ கால் திக்கித் திணறியது. 20-க்கே வந்துவிட்டேன்.

போன வருஷம் வாங்கிய வைஃபை 6 ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை ஏஎக்ஸில், அதாவது வைஃபை 6 மோடில், வைத்தேன். போனெல்லாம் பறந்தது. 2017 லேப்டாப்பில் மட்டும் எங்கள் வைஃபை பெயரே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுடையது எல்லாம் வருகிறது. கோளாறு லேப்டாப்பின் வைஃபையை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளில். கொஞ்ச நாள் முந்தைய தலைமுறையான ஏசி மோடில் ஓட்டி, டிரைவரைப் புதுப்பித்த பிறகு ஏஎக்ஸுக்குத் திரும்பினேன்.

2.4 இன்னும் ஜியை விடவில்லை. நேற்றுகூட அப்பா கரன்ட் பில் ரசீதை அந்தப் பழைய பிரின்டரில்தான் எடுத்தார். ரவுட்டர் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தாலே “தொடாதே” என்கிறார்.