8,500 ரூபாய் கொடுத்து என் கறுப்புக் கோமாளி மீனை நானே வழியனுப்பி வைத்தேன்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று புதன். ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதினால் நாகரிகமாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். வீட்டுக்கே வந்து கடல்நீர் மீன்தொட்டி பராமரித்துக் கொடுக்கும் சேவை ஒன்றை இணையத்தில் பார்த்து அழைத்தேன். தொட்டியிலிருந்து ஒரே ஒரு மீனைப் பிடித்துப் போகச் சொன்னேன். 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வேறு மீனைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

பிடிக்கச் சொன்னது ஒரு டோமினோ டாம்செல். மூன்று வருடங்களுக்கு முன், தொட்டி வைத்த புதிதில், வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூரில் 150 ரூபாய்க்கு வாங்கியது. அப்போது கட்டைவிரல் நகம் அளவுதான். கறுப்பு உடம்பில் நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வெள்ளைப் பொட்டுகள், பார்க்க அவ்வளவு அழகு. புதுத் தொட்டிக்கு முதலில் இதைத்தான் விடச் சொல்வார்கள், எதையும் தாங்கும், லேசில் சாகாது என்று. லேசில் சாகாது என்பதுதான் பிற்பாடு வினையாயிற்று. வளர வளரப் பொட்டுகள் மங்கின, குணம் கெட்டது. நான்கடித் தொட்டி முழுவதற்கும் பட்டா வாங்கியதுபோல் எல்லா மீனையும் விரட்டியது. போன மாதம் ஃபயர்ஃபிஷ் ஒன்று இதன் தொல்லை தாங்காமல் வெளியே குதித்து, ஸ்டாண்டுக்குப் பின்னால் ஈர்க்குச்சி போலக் காய்ந்து கிடந்தது. அன்றுதான் இதை வெளியேற்றுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். உள்ளே 30 கிலோ பாறை, அதில் எண்ண முடியாத பொந்துகள். வலையின் நிழல் விழுந்தாலே ஆள் மறைந்துவிடும். இரண்டு வாரம் முயன்று தோற்ற பிறகுதான் அந்தச் சேவையை அழைத்தேன்.

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். நேராகத் தொட்டிமுன் குந்தி உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு, “அண்ணா, அந்த லெதர் கோரல் இடப்பக்கம் மட்டும் சரியாக விரிவதில்லை, இல்லையா? மோட்டார் தண்ணீரை நேராக அடிக்கிறது” என்றார். உண்மை. அந்த மென்பவளம் ஏன் அப்படி என்பது ஆறு மாதமாக எனக்குப் புரியாத விஷயம். எழுந்து மோட்டாரை அவரே லேசாகத் திருப்பி வைத்தார். அந்த ஒரு விநாடியில் விழுந்தேன். பையிலிருந்து அக்ரிலிக் பொறிப்பெட்டியை எடுத்து, நூலை இழுத்துக் கதவு விழுவதைக் காட்டினார். “பாறையில் கை வைக்கவே மாட்டோம் அண்ணா” என்றார். “மீன் வெளியே வந்த பிறகு பணம் கொடுக்கலாமே” என்று சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள். “தொழில் தெரிந்த பிள்ளை” என்று அவளை அடக்கிவிட்டு, அங்கேயே நின்று கைபேசியில் 8,500 ரூபாய் அனுப்பினேன். காபியும் கொடுத்தோம்.

பொறிப்பெட்டி தண்ணீரில் இருந்தது இருபது நிமிடம். புதுப் பெட்டிக்குள் இருபது நிமிடத்தில் மீன் நுழைவது அபூர்வம். இன்று தெரிகிறது. “இது ரொம்பச் சாமர்த்தியமான மீன்” என்றவர், சட்டையை மடித்துவிட்டுப் பாறையில் கை வைத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேல்தட்டுப் பாறை பக்கெட்டில் இருந்தது. கையுறை கிடையாது. அந்தப் பாறை நிறைய ஜோவாந்திட் என்ற பவளம் போன்ற உயிர்கள். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. தொழில் தெரிந்த பிள்ளைக்கு அது தெரியவில்லை. அடிமணல் கலங்கித் தண்ணீர் சோறு வடித்த கஞ்சிபோல் ஆயிற்று. கடைசியில் லேபிள் இல்லாத ஒரு குப்பியிலிருந்து சிரிஞ்சில் எதையோ உறிஞ்சிப் பொந்துக்குள் பீய்ச்சினார். வீடெல்லாம் பல்வலி மருந்தின் வாசனை. மீனை மயக்கும் கிராம்பு எண்ணெய். “கோரலுக்கு ஒன்றும் ஆகாது அண்ணா” என்றார். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் பொங்கித் தரையெல்லாம் நுரை.

அந்தக் கலங்கலில் வலையை விட்டு ஏதோ கறுப்பாக ஒன்றை எடுத்தார். பையில் போட்டார், ஆக்சிஜன் ஏற்றினார், செய்தித்தாளைச் சுற்றினார். “வெளிச்சம் பட்டால் பயப்படும்” என்றார். நான் வாசல் வரை போய் நன்றி சொல்லி அனுப்பினேன்.

இரவு ஒன்பதரைக்குத் தண்ணீர் தெளிந்தது. இடப்பக்கப் பொந்திலிருந்து டோமினோ மெதுவாகத் தலையை நீட்டியது. மயக்கம் தெளிந்த பார்வை. எங்கள் கறுப்பு ஒசெல்லாரிஸ் கோமாளி ஜோடியில் பெண் மீனைக் காணோம். டார்ச் அடித்துப் பின்பக்கம், வடிகட்டி, தரை என்று ஒரு மணி வரை தேடினோம். கறுப்பு உடம்பில் பட்டை பட்டையாக வெள்ளை இருக்கும் மீனுக்கும் டோமினோவுக்கும் கலங்கிய நீரில் வித்தியாசம் தெரியாமல் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையில் போடும்போதுமா தெரியாது? கறுப்புக் கோமாளி என்ன விலைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை அழைத்தேன். “வேலையில் இருக்கிறேன் அண்ணா, பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்.” அந்தப் பத்து நிமிடம் இன்னும் முடியவில்லை. அலுவலக எண்ணில் ஒரு பெண், “நீங்கள் காட்டிய மீனைத்தான் எடுத்தோம் சார்” என்றார். படம் அனுப்பினேன். பார்த்தார்கள், பதில் இல்லை. மீண்டும் அழைத்தால் உரிமையாளர் வெளியூரில் இருந்தார். மாலையில் இன்னொரு ஆண் குரல்: “ஒரு மீனுக்குப் பேசினோம், ஒரு மீன் எடுத்தோம். இரண்டாவது மீன் என்றால் பாதிக் கட்டணம், 4,250.” நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கோமாளி எங்கே என்று கேட்டால், “அது வழியிலேயே இறந்துவிட்டது சார்.” டோமினோவைத்தான் எடுத்தோம் என்று காலையில் சொன்னவர்கள் இவர்கள்தான்! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். பில் வாங்கவில்லை. பணம் போனது ஏதோ தனிநபர் கணக்குக்கு.

செவ்வாய்க் காலை தண்ணீரைச் சோதித்தால், பூஜ்யமாக இருக்க வேண்டிய அமோனியா 0.5 காட்டியது. இரண்டு கிளீனர் இறாலும் செத்துக் கிடந்தன. லெதர் கோரல் மூடியது மூடியதுதான். இரண்டு முறை தண்ணீர் மாற்றியதில் உப்புச் செலவு தனி, அதை அந்த 8,500இல் சேர்க்கவில்லை.

எப்படிப் பிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பொறி நாள்கணக்கில் திறந்தே கிடக்க வேண்டும், தீனி அதற்குள் மட்டும் போட வேண்டும். இருபது நிமிடக் கதையை நம்பாதீர்கள். பாறையைத் தொட்டால் அப்போதே கையைப் பிடித்து நிறுத்துங்கள். லேபிள் இல்லாத குப்பி எதுவும் தொட்டிக்கருகே வரக் கூடாது. பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் யாரையும் வாசல் தாண்ட விடாதீர்கள். பில், பில், பில். பணம் கடைசியில்.

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் திருப்பிச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு நேற்று நானே ஒரு பொறி வைத்தேன். செலவு ஒன்றுமில்லை. டோமினோ அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது, இன்னும் நுழையவில்லை. ஆண் கோமாளி தனியாக மூலையில் நிற்கிறது. இந்தப் பதிவை எழுதுவதற்குள் அலுவலக எண்ணும் அணைந்துவிட்டது.