எவரோலிமஸ் மாத்திரை: பதினான்கு மாதம் கொடுத்துப் பார்த்ததில்

என் மகனுக்கு ஒன்பது வயது. டியூபரஸ் ஸ்க்லீரோசிஸ் என்ற, உடலில் பல இடங்களில் கட்டி வளரும் மரபணு நோய். மூளையில் நீர் ஓடும் வழியை ஒட்டி 'சீகா' என்ற கட்டி. மரபணு அறிக்கையில் டிஎஸ்சி2 பழுது என்று வந்தது. நல்ல நிலையில் அந்த மரபணு தரும் புரதம், செல்லை வளரச் சொல்லும் எம்டோர் என்ற இன்னொரு புரதத்தை அடக்கி வைக்கும். அவனுக்கு அடக்க ஆளில்லை. இந்த மாத்திரை நேராக எம்டோரைத்தான் பிடிக்கிறது. (இதன் மூதாதை மருந்தான ராபமைசின் ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து வந்ததாம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.)

கட்டி கரைந்துவிடும் என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள். 117 பேரை வைத்து நடந்த எக்ஸிஸ்ட்-1 ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கட்டி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. என் மகன் அந்த 35-இல் சேரவில்லை. ஆறாம் மாத ஸ்கேனில் கால்வாசி குறைந்தது, அதோடு நின்றுவிட்டது. எனக்கு அதுவே போதும். மண்டையைத் திறக்கும் பேச்சு இப்போது இல்லை.

படுத்தி எடுப்பது வாய்ப்புண்தான். இரண்டாவது வாரமே உதட்டின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக நான்கு. தண்ணீர் குடிக்கவே அழுதான். டாக்டரம்மா சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார். இப்போது எப்போதாவது ஒன்று வரும்.

ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். ஒருமுறை பரிசோதனைக்கூடத்தில் அதைக் கேட்கவே இல்லை, நானும் மறந்துவிட்டேன். ஒரு குத்து வீண். இன்னொரு தடவை அளவு பாதாளத்துக்குப் போனது. வலிப்புக்குக் கொடுத்த கார்பமசிபைன்தான் இதைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றியிருக்கிறது. வலிப்பு மருந்து கொடுப்பவர்கள் முதல் நாளே டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

இந்த மருந்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். குறைக்கும் ஒன்று, நிறுத்தினால் கட்டி திரும்ப வளரக்கூடும் என்பதற்காக. எத்தனை வருஷம் என்று கேட்டால் டாக்டரம்மா அடுத்த ஸ்கேன் தேதியைத்தான் சொல்கிறார்.

எங்களுடையது தண்ணீரில் கரைக்கும் வகை. குடித்த பிறகு டம்ளர் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். முன்பு நான் ஞாபகப்படுத்துவேன். இப்போது அவனே டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கும்மா" என்று நீட்டுகிறான்.